ஏசியை மூன்றில் வைத்த நாள்

‘ஏலாது’ என்ற சொல் என் வாயில் வர வெகுகாலம் பிடித்தது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அப்படிப்பட்டவனிடம் வந்து, உனக்கு இந்த வேலை தெரியுமா என்று யாராவது கேட்டால், தெரியாது என்று சொல்ல மனம் வராது. சொன்னால் அந்த எட்டாம் வகுப்பு வெளியே தெரிந்துவிடுமே என்று ஒரு ரோசம். உழவு இயந்திரம் ஓட்டுவாயா என்றார்கள், ஓம் என்றேன். (கந்தளாய்ப் பக்கம் ஒரு வரம்பு இன்றைக்கும் வளைந்துதான் கிடக்கிறது.) ரேடியோ திருத்துவாயா, ஓம். கல்யாண வீட்டுக்குச் சமைப்பாயா, ஓம். அந்தக் கல்யாண வீட்டாரை வீதியில் கண்டால் நான் இப்போதும் மற்றப் பக்கத்தால்தான் போவேன்.

இப்படி நான் சொன்ன ஓம்களிலே மிகப் பெரியது, தில்லை அண்ணையின் காருக்கு ஏசி போட்டுத் தருகிறேன் என்று சொன்னது.

போர் நடந்துகொண்டிருந்த தொண்ணூறுகள். எங்கள் ஊர் எரிந்த பிறகு நான் திருகோணமலை நகரத்துக்கு வந்திருந்தேன். அதில் கதை ஒன்றும் இல்லை. எல்லோரும் வந்தார்கள், நானும் வந்தேன். கொஞ்சக் காலம் அகதி முகாம், கொஞ்சக் காலம் கோயில் மடம், பிறகு ஓர்ஸ் ஹில்லில் தில்லை அண்ணை வீட்டுப் பின்பக்க அறை. அவரும் பாக்கியம் அக்காவும் எனக்கு எந்த வகையிலும் சொந்தமில்லை. அவர்களும் வீட்டை விட்டு ஓடிவந்து முகாமில் இருந்த நாட்களில், ஒரே தண்ணீர்க் குழாய்க்கு வரிசையில் நின்ற பழக்கம்தான். அந்தப் பழக்கத்துக்கு அக்கா எனக்கு மூன்று நேரமும் சோறு போட்டார்.

அண்ணையின் சீவியம் அந்தக் கார். எழுபதுகளின் கடைசியில் வந்த வெள்ளை நிற ஜப்பான் கார். முதலில் துறைமுகத்துப் பெரிய மனிதர் ஒருவர் வைத்திருந்தது என்பதால் அதற்குள் ஏசி இருந்தது. அதாவது ஏசியின் குமிழ் இருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று வெள்ளை எழுத்தில் எண்கள் இருந்தன. டாஷ்போட்டில் காற்று வருகிற வாய்கள் இருந்தன. காற்றுத்தான் இல்லை. அண்ணை அதை வாங்கிய நாளில் இருந்தே ஏசி செத்த ஏசி. நான்கு கதவுகளுக்கும் கண்ணாடி இறக்க ஒரேயொரு கைபிடிதான் மிஞ்சியிருந்தது. கண்ணாடி இறக்க வேண்டியவர் கேட்டு வாங்கி, கொழுவிச் சுற்றிவிட்டு, கழற்றித் திருப்பிக் கொடுக்கவேண்டும்.

அந்தக் காரில் அவர் ஆட்களை ஏற்றி ஹயர் ஓடினார். போர் கூடக்கூட ஹயர் குறைந்தது. பாதைகள் மூடினால் ஹயர் எங்கே ஓடுவது? கடைசியில் ஒரு நாள், கந்தளாயில் இருந்து ஒருவர் வந்து காரைச் சுற்றிப் பார்த்தார். அவருக்குக் கார் வேண்டாம், எஞ்சின் மட்டும் வேண்டும். வயலுக்குத் தண்ணீர் இறைக்கப் பூட்டப்போவதாகச் சொன்னார். மிச்சத்தைப் பழைய இரும்புக்குப் போடலாமாம். அவர் போன பிறகு அண்ணை வெகுநேரம் காரின் பொனற்றைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

அந்தக் கிழமையில்தான் வெளிநாட்டு நிவாரண நிறுவனம் ஒன்று எங்கள் தெருவில் கந்தோர் திறந்தது. கப்பல்துறையில் இருந்த முகாமுக்குக் கூடாரமும் தண்ணீர்த் தாங்கியும் கொடுக்க வந்தவர்கள். அவர்களுக்கு மாதக்கணக்கில் ஓட ஒரு கார் தேவை. பொறுப்பாக வந்திருந்தவர் ஒரு வெள்ளைக்காரப் பெண். நாங்கள் அவரை மிஸ் என்றுதான் சொன்னோம். பனி கொட்டுகிற நாட்டில் இருந்து வந்தவர். எங்கள் வெயிலில் அரை மணி நேரம் நின்றால் பழுத்த ஜம்புக்காய் மாதிரிச் சிவந்துவிடுவார். ஆகவே அவர் போட்ட ஒரேயொரு நிபந்தனை, காரில் ஏசி வேலை செய்யவேண்டும் என்பது. வெள்ளிக்கிழமை காலையில் காரைக் கொண்டுவா, கப்பல்துறைக்கு ஒரு முறை போய்வந்து பார்க்கிறேன் என்று அண்ணையிடம் சொல்லியிருந்தார். அதே வெள்ளிக்கிழமை பின்னேரம் எஞ்சின்காரர் முடிவு கேட்டு வருவதாகவும் இருந்தது.

அண்ணை இதைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

"தம்பி, நீ ஐஸ் பக்டரியிலை வேலை செய்தனி எல்லே. உனக்கு உந்தக் குளிர் வேலை தெரியுமே?"

நான் ஐஸ் ஆலையில் செய்த வேலை, பாளங்களை இரும்புக் கொழுவியால் இழுத்து லொறிவரை கொண்டுபோவது. இடைக்கிடை மெஷின் அறைக்காரர் ஒரு வால்வைக் காட்டி, இதைப் பிடி, நான் வாறன் என்பார். பிடித்துக்கொண்டு நிற்பேன். படகுகள் கடலுக்குப் போகத் தடை வந்து ஆலை மூடிய பிறகு, நான் ஊரெல்லாம் சொன்னது, மெஷின் பக்கம் நின்றேன் என்று. அது பொய் இல்லை. பக்கத்தில்தான் நின்றேன்.

"ஓம் அண்ணை," என்றேன். வாயில் சோறு இருந்தது. விழுங்கக்கூட இல்லை.

அடுத்த நாள் காலை நசீரிடம் ஓடினேன். கிண்ணியாக்காரன், நகரத்தில் துறைக்குப் போகும் வழியில் குளிர்சாதனப் பெட்டி திருத்துகிற கடை வைத்திருந்தான். நான் விசயத்தைச் சொன்னதும் அவன் முதலில் சிரித்தான். பிறகு, அண்ணையைத் தனக்கும் தெரியும் என்பதால், சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொல்லித் தந்தான். பழைய கார்களுக்குப் போட்ட கேஸ் இப்போது வருவதில்லை, புதிய கேஸ்தான் வருகிறது. புதிய கேஸுக்குப் பழைய எண்ணெய் ஒத்துவராது. ஆகவே பழைய எண்ணெயை வடித்துக் கழுவவேண்டும், ரப்பர் வளையங்களை எல்லாம் மாற்றவேண்டும், ஈரம் உறிஞ்சுகிற போத்தலை மாற்றவேண்டும், கேஸ் ஏற்றுகிற வாய்களுக்குப் புது அளவில் வாய் பூட்டவேண்டும். பிறகு குழாய்க்குள் இருக்கிற காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்துவிட்டுத்தான் கேஸை ஏற்றவேண்டும். சிலிண்டரையும் அளவு பார்க்கிற மீற்றரையும் தந்தான். காற்றை உறிஞ்ச, பழைய குளிர்சாதனப் பெட்டியில் கழற்றிய கொம்பிறசர் ஒன்றையும் தந்தான். கடைசியாக ஒன்று சொன்னான்.

"கேஸ் ஏத்துறது கால்வாசி வேலதான் மச்சான். உள்ளுக்குக் காத்து ஓடுற வழிய முதல்ல கழட்டித் துப்பரவாக்கு. பழைய காருக்குள்ள என்னென்ன குடியிருக்குமோ, அல்லாதான் அறிவான்."

தலையை ஆட்டினேன். ஆட்டும்போதே மறந்துவிட்டேன். கேஸ், மீற்றர், கொம்பிறசர் என்று மூன்று பெரிய சொற்கள் கையில் இருக்கும்போது, துப்பரவாக்குவதை எவன் நினைப்பான்? அது கூட்டித் துடைக்கிறவனின் வேலை. நான் மெக்கானிக்.

சிலிண்டரைச் சாக்கில் சுற்றிச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்தேன். அந்தக் காலத்தில் திருகோணமலையில் சிலிண்டர் கொண்டுபோவது, தலையில் பாம்பு வைத்துக்கொண்டு போவது மாதிரி. சோதனைச் சாவடியில் என்னை இறக்கி, சிலிண்டரைத் தரையில் வைத்துவிட்டுத் தூரப் போய் நின்று, நீயே திற என்றார்கள். திறந்தேன். சீறிக்கொண்டு வந்த கேஸ் என் விரலில் வெள்ளையாகப் படிந்தது. ஒரு ஆமிக்காரப் பெடியன் கிட்ட வந்து தன்னுடைய விரலையும் நீட்டினான். பிறகு மற்றவனைக் கூப்பிட்டான். எல்லோரும் விரல் நீட்டி முடித்த பிறகு, போகச் சொன்னார்கள். நல்ல வெயில் அன்றைக்கு.

முற்றத்து ஈரப்பலா மரத்துக்குக் கீழே என் வேலை நடந்தது. இன்றைக்கும் நான் பெருமையாகச் சொல்லக்கூடியது ஒன்று, அந்தக் கேஸ் வேலை சரியாக வந்தது. எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது. நசீர் சொன்னதை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தேன். மூட்டுக்குமூட்டு சவர்க்கார நுரை பூசி, எங்கே கொப்பளிக்கிறது என்று கண்ணை மூட்டோடு ஒட்டிவைத்துப் பார்த்தேன். ஒரு இடத்தில் கொப்பளித்தது. இறுக்கினேன், நின்றது. கேஸை ஏற்றி எஞ்சினை ஓடவிட்டுப் பொனற்றைத் திறந்துகொண்டு நின்றோம். கொஞ்ச நேரத்தில், உள்ளே போகிற அலுமினியக் குழாய் வியர்த்தது. பிறகு அதன்மேல் பனி படிந்தது.

தில்லை அண்ணை அதைத் தொட்டுப் பார்த்தார். உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு அந்தக் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்தார். நான் வேறு பக்கம் திரும்பி, ஒரு தேவையும் இல்லாத ஆணியைத் தேடினேன்.

குளிர் வந்துவிட்டது. அதைக் காருக்குள் ஊதி அனுப்புகிற மோட்டர் எங்கே என்று அப்போதுதான் குனிந்து பார்த்தேன். அது இருக்கவேண்டிய இடத்தில் ஒரு ஓட்டை இருந்தது.

"அது அக்காட்டை இருக்கு," என்றார் அண்ணை, தொண்டையைச் செருமிக்கொண்டு.

நடந்தது இதுதான். போன கறண்ட் எப்போது வரும் என்று கறண்டுக்கே தெரியாத காலம் அது. செத்த ஏசியின் மோட்டர் சும்மா கிடப்பானேன் என்று, அண்ணை அதை எப்போதோ கழற்றிப் பலகையில் ஆணி அடித்து, பழைய கார் பற்றரி ஒன்றோடு கொழுவிக் குசினியில் வைத்திருந்தார். பாக்கியம் அக்கா அதைக் காத்தாடி என்று சொல்வார். மாரியில் ஈர விறகு எரியாவிட்டால் அடுப்பை ஊத அதுதான். வெயிலில் புழுங்கினால் அவருக்குக் காற்று அதுதான். முழு வீட்டிலும் அவருக்கென்று இருந்த ஒரே சுகம் அந்த மோட்டர். அதைக் கேட்கப் போகவேண்டியவர் யார் என்று அண்ணைக்கும் எனக்கும் வியாழக்கிழமை முழுவதும் இழுபறி. கடைசியில் வெள்ளிக்கிழமை விடியவெள்ளென நான்தான் குசினி வாசலில் போய் நின்றேன்.

அக்கா கதிரையில் இருந்தபடி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். மோட்டர் அவருடைய முகத்துக்கு நேரே சுற்றிக்கொண்டிருந்தது. அவர் என்னைப் பார்க்காமலே பேசினார்.

"வெள்ளைக்காரிக்குக் காத்து வேணும். உங்கட அண்ணைக்குக் கார் வேணும். உமக்குப் பேர் வேணும். அப்ப, எனக்கு என்னப்பா வேணும்?"

நான் ஒரு வெங்காயத்தை எடுத்து உரிக்கத் தொடங்கினேன்.

"கொண்டு போம்," என்றார் அக்கா. வயரைத் தானே கழற்றினார். "வேலை சரிவராட்டி, பின்னேரம் உது இஞ்சை வந்திட வேணும். நீர் வாறீரோ இல்லையோ, அது வரவேணும்."

அதனால்தான் அந்த மோட்டர் கடைசி நேரத்தில் பூட்டப்பட்டது. ஒன்றில் வைத்துப் பார்த்தேன், மெல்லிய காற்று வந்தது, குளிராக இருந்தது. இரண்டையும் மூன்றையும் பார்க்க நேரமில்லை. மிஸ் எட்டு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்.

புறப்படும் முன் அண்ணை காருக்குப் பூசை வைத்தார். தினமும் வைப்பதுதான், அன்றைக்குக் கொஞ்சம் அதிகம். சாமி அறைத் திருநீற்றைக் கை நிறைய அள்ளிவந்து, ஸ்டியரிங்குக்கு ஒரு கீறு, பொனற்றுக்கு ஒரு கீறு, தனக்கும் எனக்கும் நெற்றி நிறைய. பூசிய பிறகு கையில் எப்போதும் மிச்சம் இருக்கும். திருநீற்றை நிலத்தில் உதற ஏலாது, கால் படும். கோயில் என்றால் தூணில் ஒரு மாடம் இருக்கும், அதில் கொட்டலாம். காரில் தூண் எங்கே? அண்ணை வழக்கம்போலக் கையை டாஷ்போட்டின் காற்றுவாய்க்கு மேலே கொண்டுபோய், கம்பிகளுக்கு இடையால் மிச்சத்தை உள்ளே உதிர்த்தார். நானும் என் கையில் இருந்ததை மற்றக் காற்றுவாய்க்குள் தட்டினேன். காற்றுவாயின் விளிம்பெல்லாம் வெள்ளை வெள்ளையாக இருந்ததைக் கண்டேன். கண்டும் என் மூளை ஒரு சத்தமும் போடவில்லை.

மிஸ் முன் ஆசனத்தில்தான் இருப்பேன் என்றார். அண்ணைக்குச் சங்கடம். பெரியவர்கள் பின்னால்தான் இருப்பார்கள் என்று அவர் சைகையால் காட்டிப் பார்த்தார். மிஸ் அதற்குள் ஏறிவிட்டார். நான் பின்னால் ஏறி, இரண்டு ஆசனத்துக்கும் நடுவால் தலையை நீட்டிக்கொண்டேன். குமிழ் என் கைக்கு எட்டவேண்டும் அல்லவா?

ஒன்றில் வைத்தேன். காற்று வந்தது. மிஸ் கையைக் காற்றுவாய்க்கு முன்னால் பிடித்துப் பார்த்துச் சிரித்தார். நல்லது, நல்லது என்று அவருடைய மொழியில் சொன்னார். பிறகு ஒரு தும்மல் தும்மினார். குளிரால் வந்த தும்மல் என்று எனக்குள் ஒரே பெருமை.

முதல் சோதனைச் சாவடி வந்தது. சாவடிக்கு முன் கண்ணாடிகளை இறக்கியே ஆகவேண்டும், அது சட்டம். அண்ணை தன் கண்ணாடியை இறக்கி, கைபிடியைக் கழற்றி மிஸ்ஸிடம் கொடுத்தார். மிஸ் அதைச் சுற்றும் விதத்தைப் பழகி இறக்கிவிட்டு, என்னிடம் தந்தார். நான் இரண்டு பக்கமும் இறக்கினேன். குளிரெல்லாம் வெளியே போனது. அடையாள அட்டை, டிக்கி, ஆசனத்துக்குக் கீழே என்று எல்லாம் பார்த்து முடிய, மறுபடி கைபிடி சுற்றிவந்து கண்ணாடிகள் ஏறின. குளிர் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிவர, அடுத்த சாவடி. மறுபடி கைபிடி. ஒவ்வொரு சாவடியிலும் மிஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். அதை நான் அப்போது கவனித்தேன், பொருள்தான் விளங்கவில்லை.

சீனக்குடாவைத் தாண்டிக் கண்டி வீதியில் கொஞ்சத் தூரம் வெறும் வீதி. மிஸ் ஆசனத்தில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். முகத்தில் சிவப்பு இறங்கியிருந்தது. அண்ணை பின்பார்வைக் கண்ணாடியில் என்னைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார். காரியம் முடிந்துவிட்டது. அந்த இடத்தில் நான் கையைக் கட்டிக்கொண்டு இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையில்லை.

ஆனால் எனக்கு மனம் பொறுக்கவில்லை. மூன்று இருக்கிறது, நாங்கள் ஒன்றில் போகிறோம். இத்தனை நாள் நுரை பூசி, எண்ணெய் கழுவி, வளையம் மாற்றியவனுடைய முழுத் திறமையை இந்த அம்மா காணவேண்டாமா? கையை நீட்டினேன்.

"தம்பி, ஒண்டிலையே கிடக்கட்டும்," என்றார் அண்ணை.

"பொறுங்கோ அண்ணை. மூண்டைப் பாத்தாத்தான் விளங்கும்."

இரண்டைத் தாண்டி மூன்றுக்குத் திருப்பினேன்.

உள்ளே எங்கேயோ ஒரு இருமல் கேட்டது. பிறகு தில்லை அண்ணையின் பல வருடப் பக்தி முழுவதும் ஒரே மூச்சில் வெளியே வந்தது.

கோணேசர் கோயில் திருநீறு வந்தது. காளி கோயில் திருநீறு வந்தது. ஒவ்வொரு வருடமும் வெருகல் முருகன் திருவிழாவுக்குப் போய்வந்த திருநீறு வந்தது. இடையில் காய்ந்த பூவிதழ், பல்லி எச்சம், எலி கொறித்த பஞ்சு எல்லாம் வந்தன. மோட்டரோ புதுத் தெம்பில் இருந்தது. இத்தனை காலம் ஈர விறகை ஊதிப் பழகிய மோட்டர் அது. (அக்கா அதை எவ்வளவு நன்றாகப் பராமரித்திருக்கிறார் என்று அந்த நேரத்திலும் ஒரு எண்ணம் ஓடியது.) ஒரு கணத்தில் காருக்குள் முன் கண்ணாடி தெரியவில்லை, அண்ணை தெரியவில்லை, மிஸ் தெரியவில்லை, என் கையே எனக்குத் தெரியவில்லை. குமிழைத் தேடினேன். என் கை மிஸ்ஸுடைய மூக்கில் பட்டது. கைபிடி, கைபிடி என்று அண்ணை இருமலுக்கு நடுவே கேட்டார். அது மிஸ்ஸிடம் இருந்தது. மிஸ் முகத்தைப் பொத்தியபோது அது கீழே விழுந்து எங்கோ உருண்டுவிட்டது. ஆகவே நான்கு கண்ணாடியும் ஏறியபடியே இருந்தன.

அண்ணை பழக்கத்தில் பிரேக்கை அழுத்தினார். எங்கே நிறுத்தினார் என்று பிறகுதான் தெரிந்தது. கப்பல்துறைச் சோதனைச் சாவடியின் நிறுத்தற் கோட்டைத் தாண்டி, மணல் மூட்டைகளுக்குச் சரி நேர் முன்னால்.

அவர்கள் பார்த்த காட்சியை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். கண்ணாடி மூடிய ஒரு கார், உள்ளே முழுக்க வெள்ளைப் புகை, நிற்கச் சொன்ன இடத்தில் நிற்காமல் வருகிறது. அந்தக் காலத்தில் இதைவிடக் குறைந்த காரணத்துக்கு ஆட்கள் செத்திருக்கிறார்கள். வெளியே சத்தம் கேட்டது, துவக்குகள் சடசடவென்று ஏற்றப்படுகிற சத்தமும் கேட்டது. அண்ணை மெதுவாகக் கதவைத் திறந்து இரண்டு கையையும் முதலில் வெளியே நீட்டினார். நாங்களும் அப்படியே செய்தோம். புகை மேகத்துக்குள் இருந்து மூன்று வெள்ளைப் பேய்கள் கையைத் தூக்கிக்கொண்டு இறங்கின. மூன்றில் எது உண்மையான வெள்ளைக்காரி என்று சொல்ல ஏலாது. மிஸ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றியபோதுதான் தெரிந்தது. கண்ணைச் சுற்றி மட்டும் இரண்டு சிவப்பு வட்டம்.

ஒரு கோப்ரல் துவக்கை நீட்டியபடி கிட்ட வந்தார். கொஞ்சம் வயதான மனிதர். இது என்ன என்று சிங்களத்தில் கேட்டார். எனக்குத் தெரிந்தது மீன் சந்தைச் சிங்களம். சாமியின் சாம்பல் என்று சொன்னேன். சாமியின் சாம்பல் ஏன் ஏசிக்குள் இருந்து வருகிறது என்று கேட்டார். மீன் சந்தைச் சிங்களத்தில் அதற்குச் சொல் கிடையாது.

அப்போது தில்லை அண்ணை ஒரு காரியம் செய்தார். தூக்கியிருந்த கையில் ஒன்றை மெல்லக் கீழே இறக்கி, திறந்திருந்த கதவின் ஓரத்தில் படிந்திருந்த தூளில் ஒரு சிட்டிகை எடுத்தார். முருகா என்று சொல்லி நெற்றியில் பூசினார். மிச்சத்தை வாயில் போட்டு விழுங்கினார். கோவிலில் செய்வது மாதிரி, அவசரமில்லாமல். அவருடைய தொண்டை ஏறி இறங்குவதைக் கோப்ரல் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு துவக்கின் முனை என் பக்கம் திரும்பியது. நீயும் சாப்பிடு என்பதற்கு மொழி தேவையில்லை.

போர்க்காலத்தில் நான் பலதும் தின்றிருக்கிறேன். முகாமில் புழு நெளிந்த மாவில் சுட்ட ரொட்டி தின்றிருக்கிறேன். காட்டில் பேர் தெரியாத கிழங்கு தின்று ஒரு நாள் முழுக்கச் சுருண்டு கிடந்திருக்கிறேன். ஆனால் ஏசிக்குள் இருந்து வந்த திருநீற்றை, பல்லி எச்சத்தோடு, வெயிலில் நின்று தின்றது அந்த ஒரு நாள்தான். எனக்குக் கிடைத்த சிட்டிகையில் ஏதோ மொறுமொறுத்தது. அது என்ன என்று நான் பார்க்கவில்லை.

மிஸ்ஸை யாரும் கேட்கவில்லை. அவராகவே குனிந்து ஒரு சிட்டிகை எடுத்து, அண்ணை செய்த மாதிரியே நெற்றிக்குக் கொண்டுபோனார். பூசுவதற்கு அங்கே இடம் இருக்கவில்லை. முதலில் சிரித்தது, அன்றைக்குச் சிலிண்டருக்கு விரல் நீட்டிய பெடியன் மாதிரி இருந்த ஒரு இளம் ஆமிக்காரன். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். கோப்ரல் துவக்கைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

அவர் அண்ணையிடம் ஒன்று கேட்டார், மெதுவாக, மற்றவர்களுக்குக் கேட்காமல். இதில் கதிர்காமத்துச் சாம்பலும் இருக்கிறதா? நான் மொழிபெயர்த்தேன். கதிர்காமத்து முருகனைச் சிங்களவரும் கும்பிடுவார்கள். போருக்கு முன் ஒரு ஆடியில் அண்ணை கதிர்காமம் போயிருந்தார்.

"ஓம். அதுவும் உதுக்குள்ளைதான் கிடக்கும்," என்றார் அண்ணை.

கோப்ரல் சிகரெட் பெட்டித் தாள் ஒன்றைக் கிழித்து, காற்றுவாயின் ஓரத்தில் ஒட்டியிருந்ததைக் கொஞ்சம் வழித்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வீதியை மறித்திருந்த தடியைத் தூக்கி எங்களைப் போகச் சொன்னார். அடையாள அட்டை கேட்கவில்லை. டிக்கி திறக்கவில்லை.

நாங்கள் முகாமுக்குப் போனோம். அங்கே மிஸ் தண்ணீர்த் தாங்கியில் முகம் கழுவிவிட்டு, ஒன்றும் நடக்காதது போலக் கூடாரங்களை எண்ணினார். முகாமில் இருந்த பெண்கள் அவருடைய தலையிலும் உடுப்பிலும் மிஞ்சியிருந்த திருநீற்றைப் பார்த்துக் கும்பிட்டார்கள், எந்தக் கோயிலுக்குப் போய்வந்தார் என்று ஒருவருக்கொருவர் கேட்டுக்கொண்டார்கள். அண்ணையும் நானும் காருக்கு இரு பக்கமும் நின்றோம். அவர் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். எஞ்சின்காரர் பின்னேரம் எத்தனை மணிக்கு வருவார் என்று மட்டும் கேட்டார்.

திரும்பி வரும்போது எல்லாக் கண்ணாடியும் இறக்கியிருந்தது. கைபிடி ஆசனத்துக்குக் கீழே அகப்பட்டுவிட்டது. அதே சாவடியில், தூரத்திலேயே எங்களைக் கண்ட கோப்ரல் தடியைத் தூக்கிவிட்டார். அடுத்த சாவடிக்கும் கதை வோக்கிடோக்கியில் போயிருக்கவேண்டும். அவர்கள் வரிசைக்கு வெளியே எங்களை வரச்சொல்லி, காருக்குள் எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டு அனுப்பினார்கள். அதற்கடுத்ததும் அப்படியே. மிஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு இன்னொரு முறை பார்த்தார்.

ஓர்ஸ் ஹில்லில் இறங்கியபோது மிஸ் கந்தோரில் இருந்த தமிழ்ப் பிள்ளையைக் கூப்பிட்டு, தான் சொல்வதை எங்களுக்குச் சொல்லச் சொன்னார். இதற்கு முன் வாடகைக்குப் பிடித்துப் போன வான்களில் எல்லாம் நல்ல குளிர் வந்ததாம். ஆனால் கப்பல்துறைக்குப் போய்வர அரை நாள் சாவடிகளிலேயே போய்விடுகிறதாம். இந்தக் கார் நின்ற நேரத்தைவிட ஓடிய நேரம் கூடவாம். ஆகவே நாளையில் இருந்து வரட்டும். நிபந்தனை ஒன்றுதான். அந்தப் பிள்ளை அதைச் சொல்லும்போது சிரிப்பை அடக்கமுடியாமல் தடுமாறியது.

ஏசியைப் போடக்கூடாது.

அன்று பின்னேரம் எஞ்சின்காரர் வந்தார். அண்ணை அவருக்கு ஒரு தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவைத்தார். நான் முற்றத்தில் காருக்குள் டாஷ்போட்டுக்குக் கீழே படுத்து மோட்டரைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அக்கா வாசலில் நின்று பார்த்தார். பலகையில் பூட்டிப் பற்றரியில் கொழுவியதும், அவர் கதிரையை இழுத்துப்போட்டு அதற்கு முன்னால் இருந்தார்.

"பொறும், ஒண்டிலை வையும்," என்றார்.

அந்தப் பலகையில் ஒன்றும் இல்லை, இரண்டும் இல்லை, வயரை முட்டவைத்தால் ஓடும். ஆனால் அதுதான் அந்த வீட்டில் அந்தக் கதையின் முதல் பகிடி.

தில்லை அண்ணையின் கார் போர் முடியும்வரை அந்தக் கந்தோருக்கும் பிறகு வந்த கந்தோர்களுக்கும் கண்ணாடி இறக்கியபடியே ஓடியது. நான் ஏற்றிய கேஸ் கடைசிவரைக்கும் அதற்குள் அப்படியே இருந்தது. என் வேலையில் குறை என்று ஒருவர்கூடச் சொன்னதில்லை, ஏனென்றால் ஒருவர்கூட அதைப் போட்டுப் பார்க்கவில்லை. நசீர் மட்டும் என்னைக் கண்டால், மச்சான், துப்பரவாக்கினியா என்று கேட்பான். அதற்குப் பிறகு நான் மெக்கானிக் வேலையை விட்டுவிட்டு மன்னாருக்குப் போனேன், பிறகு புத்தளம், பிறகு வெளிநாடு, பிறகு மறுபடி இங்கே. எங்கே போனாலும், யாராவது ஒரு வேலை தெரியுமா என்று கேட்டால், இப்போது முதலில் ஏலாது என்கிறேன். பிறகுதான் என்ன வேலை என்று கேட்கிறேன்.

அந்த வீட்டில் ‘மூண்டிலை போடாதை’ என்பது இன்றைக்கும் நடமாடுகிற பேச்சு. கறிக்குத் தூள் கூடினாலும் சொல்வார்கள், பிள்ளைகள் கத்தினாலும் சொல்வார்கள், யாராவது தன் பெருமையை அளவுக்கு மேல் அளந்தாலும் சொல்வார்கள். கடைசியாகச் சொன்னதைப் பெரும்பாலும் நான் வந்திருக்கும்போதுதான் சொல்வார்கள்.

போன வருடம் அவர்களுடைய பேத்திக்குத் திருமணம். நகரத்தில் புதிதாகக் கட்டிய மண்டபம், முழுக்க ஏசி. அண்ணைக்கு இப்போது கண் அவ்வளவு தெரியாது. முன் வரிசையில் அவருக்குப் பக்கத்தில் என்னை இருத்தினார்கள். ஐயர் கொடுத்த திருநீற்றை அண்ணை நெற்றியில் பூசினார். மிச்சம் கையில் இருந்தது. அதை எங்கே போடுவது என்று அவர் இருபக்கமும் பார்த்தார். அந்த நேரம் மண்டபத்து ஏசி தலைக்கு மேலே உறுமிக்கொண்டு தொடங்கியது. அண்ணை நிமிர்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டார். பிறகு கைலேஞ்சியை எடுத்து, மிச்சத் திருநீற்றை அதில் கொட்டிக் கவனமாக முடிந்து, மடியில் வைத்துக்கொண்டார். நெற்றியில் இருந்ததையும் மெல்லத் துடைத்தார்.

"அதை ஏன் அண்ணை துடைக்கிறியள்?"

"நீ பக்கத்திலை இருக்கிறாய் எல்லோ," என்றார்.